கீழ்த்திசை நாயகன் – 6: தலையெழுத்து

சென்ற வாரம் ஒரு சூட்டுக்கோலோடு நிறுத்தியிருந்தோம்.

1915 டிசம்பரில் வெளியான ‘தி சீட்’. பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தி ரகசியமாகக் கடன் வாங்குகிறாள். தன்னையே தருவதாகச் சொன்ன விலையைக் கொடுக்காமல் பணத்தை மட்டும் திருப்பித் தர வருகிறாள். தன் பொருள்களுக்கெல்லாம் வைக்கும் முத்திரையைப் பழுக்கக் காய்ச்சி அவள் தோளில் அழுத்துகிறான் ஜப்பானியத் தந்த வியாபாரி டோரி. இயக்கம் சிசில் பி. டெமில். டோரியாக நடித்தவர் நம் தொடரின் நாயகன், ஜப்பானிய நடிகர் செஸ்யூ ஹயகாவா.

அமெரிக்கப் பெண்கள் பயந்தார்கள். பயந்துகொண்டே மறுபடியும் டிக்கெட் வாங்கினார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸ் ஜப்பானியர்கள் கொதித்தார்கள். அவர்களுடைய ‘ரஃபு ஷிம்போ’ நாளிதழ் அவரைக் காய்ச்சி எடுத்தது. அதே இதழில் அவர் வருத்தம் தெரிவித்து எழுத வேண்டியிருந்தது. ஜப்பானில் அந்தப் படம் நாட்டுக்கே அவமானம் என்றார்கள். பாரீஸிலோ எழுத்தாளர் கொலெத் அந்த நடிப்பை வியந்து எழுதினார்.

வெளியூரில் நட்சத்திரம், சொந்த ஊரில் துரோகி. முப்பது வயதுகூட ஆகவில்லை.

* * *

அடுத்த இரண்டு ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம்.

‘தி சீட்’டைத் தயாரித்த ஜெஸ்ஸி லாஸ்கியின் நிறுவனம் கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்தது. வில்லனை நல்லவனாக்கியது. படத்துக்குப் படம் ஹயகாவா காதலிப்பார், கஷ்டப்படுவார், கடைசி ரீலில் அந்தப் பெண்ணை ஒரு வெள்ளைக்கார இளைஞன் கையில் ஒப்படைத்துவிட்டு ஒதுங்குவார். இல்லாவிட்டால் செத்துப்போவார். தியாகி வேஷம். நம் படங்களில் தியாகம் செய்த கதாநாயகர்கள் பாத்திரத்தின் குணத்தால் செய்தார்கள். இவர் செய்தது தோலின் நிறத்தால்.

கலிஃபோர்னியாவில் அன்று வெள்ளையரும் ஆசியரும் மணந்துகொண்டால் அது சட்டப்படி செல்லாது. சட்டம் கல்யாணத்துக்குத்தான், ஹாலிவுட் அதைத் திரைக் காதலுக்கும் போட்டு வைத்திருந்தது.

இந்த வேடங்கள் ஜப்பானியரின் இயல்புக்குப் பொருந்தாதவை, மக்களுக்கு எங்களைப் பற்றித் தவறான எண்ணம் தருபவை என்று 1916லேயே ஒரு பத்திரிகையிடம் அவர் சொல்லிவிட்டார். நாங்கள் உண்மையில் எப்படியோ அப்படிக் காட்ட ஆசை என்றும் சொன்னார்.

ஆசை சரி. அதற்கு முதலாளியின் அனுமதி வேண்டும். முதலாளியே தானாகிவிட்டால்?

* * *

1918.

வாரச் சம்பளம் ஆயிரக்கணக்கான டாலர். ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருந்தால் அதே சம்பளம், அதே தியாகம், அதே கடைசி ரீல் என்று காலத்தை ஓட்டியிருக்கலாம். ஹயகாவா லாஸ்கியை விட்டு வெளியே வந்தார்.

பணம்?

இங்கே அவர் வாய்மொழியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் தன்னோடு படித்த ஒருவரின் பெற்றோர் பத்து லட்சம் டாலர் கொடுத்தார்கள் என்று பின்னாளில் சொன்னார். ஹயகாவா தன் வாழ்க்கையைச் சொல்லும்போது கொஞ்சம் திரைக்கதையும் கலப்பவர் என்பதை இந்தத் தொடரின் முதல் வாரத்திலேயே பார்த்தோம். செவிப்பறை கிழிந்து கடற்படைக் கனவு கலைந்த கதையும் அவர் சொன்னதுதான், வயிற்றைக் கிழித்துக்கொள்ளப் போன கதையும் அவர் சொன்னதுதான். ஆகவே தொகையை அவர் கணக்கிலேயே விட்டுவிடுவோம். நிறுவனம் பிறந்தது என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

அதன் பெயர் ஹாவொர்த் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன்.

ஹயகாவா, வொர்திங்டன் என்ற இரண்டு பெயர்களை ஒட்டி வைத்த பெயர் அது என்பார்கள். வில்லியம் வொர்திங்டன் நடிகராக இருந்து இயக்குநரானவர். ஹாவொர்த்தின் பல படங்களை இயக்கியவர் அவர்தான். பெயரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இயக்குநரின் பெயரில் பாதி வந்துவிட்டது. கதாநாயகரும் முதலாளியுமான மனிதரின் பெயரில் தலையெழுத்து மட்டும்தான்.

விளம்பரத் தாளில் பார்த்தால் அது ஓர் ஆங்கிலேயக் கிராமத்தின் பெயர் மாதிரி இருக்கும். தியேட்டர்காரர் முகம் சுளிக்க மாட்டார். அதுதான் நோக்கமா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அப்படித்தான் படுகிறது.

அதே 1918ல் அவருடைய பழைய முதலாளிகள் ‘தி சீட்’ படத்தை மறுபடி வெளியிட்டார்கள். இப்போது ஜப்பான் போரில் நேச நாடு. ஜப்பானியனை வில்லனாகக் காட்ட முடியாது. என்ன செய்தார்கள்? ஒரு காட்சியைக்கூடப் புதிதாக எடுக்கவில்லை. டைட்டில் கார்டை மட்டும் மாற்றினார்கள். டோரி இப்போது ‘ஹாகா அராகாவ்’ என்ற பர்மியத் தந்த வியாபாரி!

மௌனப் படத்தின் வசதி அது. அதே முகம், அதே சூட்டுக்கோல். அட்டையை மாற்றினால் நாடு மாறிவிடும். லாஸ் ஏஞ்சல்ஸில் கொடி பிடிக்க ஒரு பர்மியர் சங்கம் இருந்திருக்கும் என்று தோன்றவில்லை.

பர்மா என்ற சொல் இந்த மனிதரை விடவே இல்லை என்பது வேறு கதை. 1957ல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ பார்த்தவர்களுக்கு இவர் கர்னல் சைட்டோ. சயாம் – பர்மா ரயில் பாதையின் கதை, படமாக்கியது இலங்கையின் கித்துல்கலவில். அந்தப் பாதையில் மாண்ட மலாயாத் தமிழர்களுக்கு அந்தப் படத்தில் ஏன் இடமில்லை என்பதை அந்த வாரம் வரும்போது பேசுவோம். இப்போது 1918.

* * *

ஹாவொர்த்தின் முதல் படம் ‘ஹிஸ் பர்த்ரைட்’. அமெரிக்கக் கடற்படை அதிகாரிக்கும் ஜப்பானியப் பெண்ணுக்கும் பிறந்த மகன், தாயைக் கைவிட்ட தந்தையைப் பழிவாங்கக் கப்பலேறுகிறான். தாயாக நடித்தவர் ஹயகாவாவின் மனைவி ட்சுரு அயோகி. கணவருக்கு முன்பே அமெரிக்கத் திரைக்கு வந்துவிட்டவர் அவர்.

செப்டம்பரில் படம் வந்தது. அக்டோபரில் விஷக்காய்ச்சல் வந்தது.

1918ன் அந்தக் கொள்ளைநோயை நம் ஊரிலும் பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்போம். அமெரிக்காவில் ஊர் ஊராகத் தியேட்டர்களை மூடினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் கொட்டகைகள் ஏழெட்டு வாரம் திறக்கவில்லை. புதிய படங்களை வெளியிடுவதையே சினிமாத் துறை சில வாரம் நிறுத்தி வைத்தது. கடன் வாங்கிக் கம்பெனி தொடங்கியவருக்கு இதைவிட மோசமான முகூர்த்தம் கிடைத்திருக்காது.

ஆனாலும் ஹாவொர்த் மூழ்கவில்லை. நோய் தணிந்து கொட்டகைகள் திறந்தபோது ஜனங்கள் முண்டியடித்து உள்ளே போனார்கள். ஹயகாவாவிடம் காட்டப் படம் இருந்தது.

அடுத்த மூன்றரை வருடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட படங்கள். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்ற வேகம். நடிப்பது அவர், கதை தேர்வில் அவர், அரங்க அமைப்பில் தலையிடுவது அவர், வெட்டி ஒட்டும் மேசையிலும் அவர். வாங்கிய கடனைச் சீக்கிரமே அடைத்துவிட்டதாகச் சொன்னார்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஜப்பானியரை உள்ளபடி காட்டத்தானே கம்பெனி? 1919ல் ‘தி மேன் பினீத்’ படத்தில் அவர் ஒரு இந்திய டாக்டர். ‘தி டாங் மேன்’ படத்தில் சீனர். 1920ல் ஸ்பானிய மாடுபிடி வீரர், பிறகு எகிப்துக் கதை. லாஸ்கி அவரை ஒரு கூண்டில் வைத்திருந்தார் என்றால், சந்தை அவரை ஆசியா என்கிற பெரிய கூண்டுக்கு மாற்றியது. சீனர், இந்தியர், அரபியர் யாராக இருந்தாலும் அமெரிக்க ரசிகருக்கு ஒரே முகம் போதும். முதலாளியான பிறகும் அந்த ரசிகரிடம்தான் டிக்கெட் விற்க வேண்டும்.

* * *

இருந்தாலும், ஒரு படத்தில் அவர் நினைத்ததை எடுத்துவிட்டார் என்றே சொல்வேன்.

‘தி டிராகன் பெயின்ட்டர்’. 1919. மேரி மெக்நீல் ஃபெனலோசா எழுதிய நாவல். இயக்கம் வொர்திங்டன்.

மலையில் தனியாகத் திரிகிறான் ஒரு பித்தன், டட்சு. ஆயிரம் வருடத்துக்கு முன் தன் காதலியான இளவரசியை ஒரு டிராகன் கொண்டுபோய்விட்டது என்று நம்புகிறான். அவளைத் தேடித் தேடிப் படம் வரைகிறான். அவன் வரைந்த ஏரியைப் பார்த்து, டிராகன் எங்கே என்று ஒருவர் கேட்கிறார். ஏரியின் அடியில் தூங்குகிறது என்கிறான்.

நகரத்தில் முதிய ஓவிய மேதை ஒருவர், தன் கலைக்கு வாரிசு இல்லாமல் தவிக்கிறார். பித்தனை வரவழைத்துத் தன் மகளையே அந்த இளவரசி என்று காட்டுகிறார். கல்யாணம் நடக்கிறது. இளவரசி கிடைத்துவிட்டாள், இனி எதைத் தேடி வரைவது? தூரிகை நின்றுவிடுகிறது. மகளாக நடித்த ட்சுரு அயோகி, கணவனின் கலையைத் திரும்பக் கொடுக்கத் தான் இறந்துவிட்டதாக நம்பவைத்து மறைகிறார். அவன் மறுபடி வரைகிறான்.

இந்தக் கதையில் வெள்ளைக்காரக் கதாபாத்திரமே கிடையாது. யாருக்காகவும் யாரையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கடைசி ரீலில் மனைவி அவனிடமே திரும்பி வருகிறாள். அன்றைய ஹாலிவுட்டில் ஓர் ஆசியக் கதாநாயகனுக்கு இந்த முடிவு எவ்வளவு அபூர்வம் என்பது, மேலே சொன்ன தியாகப் பட்டியலை நினைத்தால் புரியும்.

படப்பிடிப்பு கலிஃபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில். அமெரிக்க அருவியும் அமெரிக்கப் பாறையும் ஜப்பானின் ஹகோனே மலை ஆயின. ஊட்டியைக் காஷ்மீராக்கிப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் அவர் முகத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்து நடிகர்கள் வசனம் கேட்காத குறையைக் கையாலும் புருவத்தாலும் ஈடுகட்டுவார்கள். மார்பில் அடித்துக்கொள்வார்கள், கண்ணை உருட்டுவார்கள். ஹயகாவா சும்மா நிற்பார். ‘தி சீட்’டில் அவர் நட்சத்திரமானதே அந்தச் சும்மா நிற்பதால்தான். டட்சு பாத்திரத்தில் அவர் அதற்கு நேர்மாறாக ஓடுகிறார், விழுகிறார், காகிதத்தைக் கசக்கி எறிகிறார். மனைவி இறந்த செய்திக்குப் பிறகு மட்டும் பழைய ஹயகாவா திரும்பி வருகிறார். அந்த அசைவின்மைக்காகத்தான் அத்தனை ஓட்டமும் என்று அப்போது தெரிகிறது.

குறையும் உண்டு. முதிய ஜப்பானிய மேதையாக நடித்தவர் எட்வர்ட் பீல் என்ற வெள்ளைக்காரர். ஜப்பானியர் ஒருவரின் சொந்தக் கம்பெனியில், ஜப்பானியக் கதையில், ஜப்பானியக் குருவுக்கு மஞ்சள் வேஷம்! அதே ஆண்டு கிரிஃபித்தின் ‘புரோக்கன் பிளாஸம்ஸ்’ படத்தில் ரிச்சர்ட் பார்தல்மஸ் சீனராக வேடம் கட்டி ஊரே பாராட்டியது. அதிலும் எட்வர்ட் பீல் ஒரு சீனர்.

‘தி டிராகன் பெயின்ட்டர்’ தொலைந்துபோனது என்று நினைத்திருந்தார்கள். ஃபிரான்ஸில் ஒரு பிரதி கிடைத்தது. 2014ல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது இடம்பெற்றது.

* * *

1919 பிப்ரவரியில் ஹாலிவுட்டில் இன்னொரு காரியம் நடந்தது. மேரி பிக்ஃபோர்ட், சார்லி சாப்ளின், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், கிரிஃபித் நால்வரும் சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் தொடங்கினார்கள்.

நடிகர் முதலாளியாவதில் ஹயகாவா அந்தக் கம்பெனிக்கு ஒரு வருடம் முந்திக்கொண்டவர். ஆனால் அந்த நால்வருக்குத் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தும் முடியாமல் போயிருக்கலாம். அவர்கள் தொடங்கியது விநியோகக் கம்பெனி.

தமிழ் சினிமாவைச் சற்றே உள்ளிருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். படம் எடுப்பவர் முதலாளி என்பது பூஜை போடும் நாளில் மட்டும்தான். பெட்டி எந்த ஏரியாவுக்கு, எந்தக் கொட்டகைக்கு, எத்தனை நாளைக்கு என்று முடிவு செய்கிறவர் வேறொருவர். அடுத்த படத்துக்கு முன்பணம் தருகிறவரும் அவரே. முன்பணம் தருகிறவர் கதை கேட்பார்.

ஹாவொர்த்தின் படங்களை முதலில் மியூச்சுவல் நிறுவனம் வழியாக விற்றார்கள். அது தள்ளாடிக்கொண்டிருந்தது, சாப்ளின் அதைவிட்டு எப்போதோ போயிருந்தார். அந்த இடத்துக்கு வந்தது ராபர்ட்சன்-கோல் என்ற ஏற்றுமதி இறக்குமதி வியாபார நிறுவனம். சினிமாவும் அவர்களுக்கு ஒரு சரக்கு. அந்தச் சரக்கில் நல்ல லாபம் தந்தது ஹயகாவா முகம்.

1920ல் கம்பெனியின் பெயர் மாறியது. ஹாவொர்த் போய், ‘ஹயகாவா ஃபீச்சர் பிளே கம்பெனி’. தலையெழுத்தாக ஒடுங்கியிருந்த பெயர் முழுசாகப் பலகையில் ஏறியது.

பெயர் முழுசாக ஏறிய அதே நேரத்தில்தான் பிடி நழுவியது. ராபர்ட்சன்-கோல் கோவர் தெருவில் சொந்த ஸ்டுடியோவே கட்டிக்கொண்டது. பின்னாளில் ஆர்.கே.ஓ. என்று உலகம் அறிந்த நிறுவனத்துக்கு வித்து அதுதான்.

* * *

ஹயகாவாவுக்கு அது உறைத்ததா? அந்த வருடங்களில் அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது.

ஃபிராங்க்ளின் அவென்யூவில் ஸ்காட்லாந்துக் கோட்டை மாதிரி ஒரு மாளிகை; பெயர் கிளென்கேரி. தங்க முலாம் பூசிய பியர்ஸ்-ஏரோ கார் என்பார்கள். நூற்றுக்கணக்கில் விருந்தினர். 1920 ஜனவரியில் மதுவிலக்கு அமலுக்கு வருமுன் லாரி லாரியாகப் போத்தல்களை வாங்கி அடுக்கிவிட்டாராம். ஹாலிவுட் தன் வாசலில் தவம் கிடந்ததற்கு அந்தச் சரக்கறைதான் காரணம் என்று அவரே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொன்னார்.

மாளிகைக்கு வெளியே வேறு காற்று வீசியது. கலிஃபோர்னியாவை வெள்ளையாகவே வைத்திருப்போம் என்று சுவரொட்டி ஒட்டி 1920ல் செனட் தேர்தலில் நின்றார் ஜேம்ஸ் ஃபீலன். அவர் தோற்றார். ஆனால் ஜப்பானியர் விளைநிலத்தில் கால் வைப்பதைத் தடுக்கும் சட்டத்தை இன்னும் இறுக்க வேண்டும் என்று அதே நவம்பரில் மக்கள் வாக்களித்தார்கள். பகலில் அந்தச் சட்டத்துக்கு வாக்களித்தவர் மாலையில் ஹயகாவா படத்துக்கு வரிசையில் நின்றிருக்கலாம். அவருக்கு இரண்டும் முரணாகத் தோன்றியிருக்காது.

ஆனால் கணக்குப் பார்க்கும் விநியோகஸ்தருக்குக் காற்றின் திசை தெரியும்.

பணத் தகராறு முளைத்தது. தன்னிடம் வாங்கிய பணத்தை அவர்கள் திருப்பவில்லை என்றார் ஹயகாவா. பேச்சு முற்றிய ஒரு நாளில், எதிரே இருந்தவர் வாயிலிருந்து அவருடைய இனத்தை இழிக்கும் ஒரு சொல் வந்தது என்றும் சொன்னார். தோளில் சூடு போட்ட டோரியைக் கண்டு மயங்கிய ஊர்தான் அது.

* * *

கடைசிப் படம் ‘தி வெர்மிலியன் பென்சில்’. 1922. சீனத்தில் நடக்கும் கதை. எரிமலையும் நிலநடுக்கமும் உண்டு.

நிலநடுக்கக் காட்சிக்கு அரங்கில் ஒரு சுவர். குறிப்பிட்ட நொடியில், ஹயகாவா நகர்ந்த பிறகு, அது சரிய வேண்டும்.

சுவர் முன்கூட்டியே சரிந்தது.

மயிரிழையில் தப்பினார். அரங்கில் இப்படி நடப்பது சகஜம் என்று விட்டுவிடலாம். அவர் விடவில்லை. தன் உயிருக்கு எடுக்கப்பட்டிருந்த காப்பீட்டையும் அந்தச் சுவரையும் பின்னாளில் முடிச்சுப் போட்டுப் பேசினார். யாரும் எதையும் நிரூபிக்கவில்லை. வெறும் சந்தேகம்தான். ஆனால் சந்தேகப்பட்ட மனிதர் அந்த வருடமே ஹாலிவுட்டை விட்டுக் கிளம்பினார். கம்பெனியும் அத்தோடு முடிந்தது.

கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு யோசித்தால் ஒரு கேள்வி மட்டும் நிற்கிறது. 1922ன் அமெரிக்காவில், அந்த விநியோகஸ்தருக்கு ஹயகாவா உயிரோடு நடிப்பது லாபமா, இல்லாமல் போவது லாபமா?

(தொடரும்)